சளியில் இருக்கும் கிருமியின் பெயர் என்ன? சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளின் கேள்வி நமக்கும் ஏன் முக்கியம்?

"ரெண்டு வாரமா இருமல். கிளினிக் போனோம், மருந்து கொடுத்தாங்க. கொஞ்சம் நின்ன மாதிரி இருந்துச்சு. திரும்பவும் வந்துடுச்சு."

நீங்கள் ஜாசின் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவராக இருக்கலாம், புக்கிட் பெருவாங்கில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவராகவும் இருக்கலாம். இந்தப் பேச்சை வீட்டில் ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். அதற்கான காரணமும் தயாராக இருக்கும். புகைமூட்டம், மழையில் நனைந்தது, ஐஸ் தண்ணி, ராத்திரி முழுக்க ஏர்கோன்.

பெரும்பாலான இருமல் வைரஸால் வருவது, சில நாட்களில் தானாகவே போய்விடும். அதற்குப் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஆனால் சிலருக்கு அது போகாது. போனாலும் திரும்பத் திரும்ப வரும். அந்த நிலையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சளியில் இருப்பது எந்தக் கிருமி?

உலகில் ஒரு பிரிவினர் இந்தக் கேள்வியைச் சிறு வயது முதல் ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபணு நோய் உள்ளவர்கள். அவர்களின் நுரையீரல் கிருமியை மருத்துவர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள், அதில் எங்கே தவறு நடக்கிறது, நம் மண்ணிலேயே இருக்கும் ஒரு கிருமிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்பதைப் பார்ப்போம்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றால் என்ன?

2019-ல் வந்த 'ஃபைவ் ஃபீட் அபார்ட்' என்ற ஆங்கிலப் படத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது. ஒருவரையொருவர் நேசிக்கும் இரண்டு இளம் நோயாளிகள், ஒருவர் பக்கத்தில் ஒருவர் போகவே கூடாது என்ற கதை. அந்தத் தடைக்குக் காரணமும் ஒரு பாக்டீரியாதான். அதற்குப் பிறகு வருவோம்.

நம் உடலில் செல்களின் சுவரில் உப்பையும் நீரையும் உள்ளே வெளியே அனுப்பும் சிறு வாசல்கள் உண்டு. அவற்றில் ஒன்றை உருவாக்கும் மரபணுவின் பெயர் சிஎஃப்டிஆர். 1989-ல் லாப்-சீ சூய், ஜான் ரியோர்டன், பிரான்சிஸ் காலின்ஸ் ஆகியோரின் குழுக்கள் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் பழுதாக வந்தால்தான் நோய் வரும். ஒன்று மட்டும் பழுது என்றால் அவர் நோயைச் சுமப்பவர், அவருக்கு நோய் இல்லை. இருவருமே அப்படிச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்திலேயே திருமணம் நடக்கும் குடும்பங்களில், இருவரும் ஒரே பழுதைச் சுமக்கும் வாய்ப்பு கூடுகிறது.

அந்த வாசல் வேலை செய்யாவிட்டால் நுரையீரலில் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும். சாதாரணமாக நாம் மூச்சில் இழுக்கும் தூசியையும் கிருமியையும் சளி பிடித்துக்கொள்ளும். மூச்சுக்குழாயின் நுண்ணிய மயிரிழைகள் அதை மேலே தள்ளிவிடும். இவர்களுக்கு அந்தத் துப்புரவு வேலை நடப்பதில்லை. சளி அங்கேயே தங்குகிறது, கிருமிகளும் அதில் குடியேறுகின்றன. கணையமும் பாதிக்கப்படுவதால் பல குழந்தைகளுக்குச் சாப்பாடு செரிக்காது, எடை ஏறாது.

"அது வெள்ளைக்காரங்க நோய்தானே?"

மருத்துவர்களே நீண்ட காலம் அப்படித்தான் நினைத்தார்கள். அமெரிக்க மருத்துவர் டோரத்தி ஆண்டர்சன் 1938-ல் இந்த நோயைத் தனி நோயாக விவரித்தார். இந்தியாவில் முதல் நோயாளிகள் பற்றிய கட்டுரைகள் 1968-ல் வந்தன. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர் எஸ். கே. காப்ராவும் அவருடைய குழுவினரும் குறைந்த செலவில் செய்யக்கூடிய வியர்வைப் பரிசோதனை முறையை 2002-ல் வெளியிட்டார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவர்களும் தங்களிடம் வந்த நோயாளிகளின் மரபணு மாற்றங்களை ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். அரிது என்பது உண்மை. ஆனால் இல்லவே இல்லை என்று நினைப்பது தவறு.

2022-ல் வெளியான ஓர் ஆய்வு, 94 நாடுகளில் சுமார் 162,000 பேர் இந்த நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. அவர்களில் நோய் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 105,000 பேர் மட்டுமே. மீதிப் பேருக்குத் தங்களுக்கு என்ன நோய் என்றே தெரியாது. 'ஆஸ்துமா', 'திரும்பத் திரும்ப நிமோனியா', 'டிபியாக இருக்கும்' போன்ற பெயர்களில் அவர்கள் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்கு ஜி6பிடி குறைபாடும் தைராய்டு குறைபாடும் வழக்கமாகப் பரிசோதிக்கப்படுகின்றன. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அந்த வழக்கமான பரிசோதனையில் இல்லை. அதனால் யாராவது சந்தேகப்பட்டால்தான் இது கண்ணில் படும்.

சந்தேகப்படுவதற்கு நம் ஊர் வெயிலே ஒரு துப்பு கொடுக்கும். இந்தக் குழந்தைகளின் வியர்வையில் உப்பு மிக அதிகம். முத்தம் கொடுத்தால் உப்புக் கரிக்கும். நெற்றியில் வியர்வை காய்ந்த இடத்தில் வெள்ளையாக உப்புப் படியும். 1948-ல் நியூயார்க்கில் கடும் வெப்ப அலை வீசியபோது, இந்த நோயுள்ள குழந்தைகள் உடலில் நீர் வற்றி மருத்துவமனைக்கு வந்தார்கள். அதைக் கவனித்த மருத்துவர் பால் டி சான்ட் ஆக்னிஸ், அவர்களின் வியர்வையில் உப்பு அதிகம் என்பதை 1953-ல் வெளியிட்டார். இன்றும் நோயை உறுதிசெய்வது வியர்வைப் பரிசோதனைதான். ஒரு லிட்டர் வியர்வையில் குளோரைடு 60 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் இருப்பதாகக் கொள்கிறார்கள். 30-க்குக் கீழ் என்றால் வாய்ப்பு குறைவு. இடைப்பட்ட அளவு வந்தால் மரபணுவையும் பார்க்க வேண்டும்.

நுரையீரலில் யார் யார் குடியேறுகிறார்கள்?

நோய் இருப்பது தெரிந்த பிறகுதான் உண்மையான கண்காணிப்பு தொடங்குகிறது. இந்த நுரையீரல்களுக்கு வரும் பாக்டீரியாக்கள் வயதுக்கு ஏற்ப மாறுகின்றன.

சிறு வயதில் அதிகம் காணப்படுபவை ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸும் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சேயும். வயது ஏற ஏற சூடோமோனாஸ் ஏருஜினோசா வருகிறது. ஈரம் இருக்கும் இடத்தில் எல்லாம் வாழும் கிருமி இது. குழாய், வடிகால், குளம் என எங்கும் இருக்கும். ஆரோக்கியமானவர்களின் நுரையீரலை இது பொதுவாக ஒன்றும் செய்யாது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவரிடம் இது முதன்முதலாக வரும்போது எண்ணிக்கையில் குறைவாக இருக்கும். அந்த நேரத்திலேயே கண்டுபிடித்து, உதாரணமாக டோப்ராமைசின் மருந்தை 28 நாள் மூச்சில் இழுக்கச் செய்தால், பலரிடம் அதைத் துடைத்தெடுக்க முடியும். கவனிக்காமல் விட்டால் அது தன்னைச் சுற்றி வழவழப்பான ஓர் உறையைக் கட்டிக்கொள்ளும். அதன் பிறகு மருந்தால் எண்ணிக்கையைக் குறைக்கலாம், முழுதாக விரட்டுவது மிகக் கஷ்டம்.

அதனால்தான் இவர்கள் காய்ச்சல் வரட்டும் என்று காத்திருப்பதில்லை. நன்றாக இருக்கும்போதும் சுமார் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சளியைக் கொடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.

கிருமியின் பெயரை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சளி டப்பா ஆய்வுக்கூடத்துக்குப் போனதும் என்ன நடக்கிறது?

முதலில், அது உண்மையிலேயே நுரையீரலில் இருந்து வந்த சளிதானா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். வாயின் உள்தோல் செல்கள் நிறைய தெரிந்தால் அது வெறும் எச்சில். அதை வளர்த்துப் பார்த்தால் வாயில் இருக்கும் கிருமிதான் வரும், நுரையீரலைப் பற்றி ஒன்றும் தெரியாது.

அடுத்தது, கிருமியை வளர்ப்பது. சிறு தட்டுகளில் கிருமிக்கான உணவைக் கூழ் மாதிரி ஊற்றி, அதன் மேல் சளியைத் தடவி, உடல் சூட்டில் வைப்பார்கள். இங்கேதான் ஒரு சிக்கல். சூடோமோனாஸ் வேகமாகப் பரவி தட்டு முழுவதையும் மூடிவிடும். பக்கத்தில் மெதுவாக வளரும் இன்னொரு கிருமி இருந்தால் கண்ணுக்கே தெரியாது. சம்பலின் காரத்தில் மற்ற ருசி எதுவும் நாக்குக்குத் தெரியாமல் போவது போலத்தான்.

அதனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் சளிக்கு ஒரே தட்டு போதாது. ஸ்டாஃபிலோகாக்கஸ் மட்டும் வளர உப்பு அதிகமுள்ள தட்டு, புர்க்ஹோல்டேரியா வகை மட்டும் வளர மற்றவற்றைத் தடுக்கும் மருந்து கலந்த தட்டு எனத் தனித்தனியாக வைப்பார்கள். வழக்கமான சளி போல இரண்டு நாளில் முடித்துவிடாமல், சில தட்டுகளைக் கூடுதல் நாட்கள் வைத்துப் பார்ப்பார்கள். சளிக் கோரிக்கைத் தாளில் நோயின் பெயர் எழுதப்படாவிட்டால் ஆய்வுக்கூடத்துக்கு இதெல்லாம் தேவை என்றே தெரியாது.

வளர்ந்த கிருமிக்குப் பெயர் வைப்பது மூன்றாவது கட்டம். முன்பு இதற்குச் சர்க்கரை, அமிலம் என்று பல வேதிச் சோதனைகள் செய்து, ஓரிரு நாள் காத்திருந்தார்கள். இப்போது பல பெரிய ஆய்வுக்கூடங்களில் மால்டி-டாஃப் என்ற கருவி இருக்கிறது. கிருமியின் மேல் லேசர் பாய்ச்சி, அதன் புரதங்களின் எடையை அளந்து, அந்த வரிசையைக் கைரேகை மாதிரி தன் தரவுத்தளத்துடன் ஒப்பிடும். சில நிமிடங்களில் பெயர் வந்துவிடும். புரதம் போன்ற பெரிய மூலக்கூறுகளை லேசரால் அளக்க வழிசெய்ததற்காகத்தான் ஜப்பானின் கொய்ச்சி தனாக்கா 2002-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஆனால் கைரேகைப் பதிவேட்டில் இல்லாத ஆளைப் போலீஸ் எப்படிக் கண்டுபிடிக்கும்? தரவுத்தளத்தில் ஒரு கிருமி இல்லையென்றால், கருவி அதற்கு நெருக்கமான சொந்தக்காரரின் பெயரைச் சொல்லிவிடும். சந்தேகம் வந்தால் பிசிஆர் அல்லது டிஎன்ஏ வரிசையைப் படிக்கும் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

வெங்காயத்தில் தொடங்கிய கதை

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1950-ல் வால்டர் புர்க்ஹோல்டர் என்ற அமெரிக்கத் தாவர நோய் நிபுணர், வெங்காயத்தை அழுக வைக்கும் ஒரு பாக்டீரியாவை விவரித்தார். வெங்காயத்தின் லத்தீன் பெயரை ஒட்டி அதற்கு செப்பேசியா என்று பெயர் வந்தது. மனிதர்களுக்கு இதனால் ஆபத்து வரும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை.

1980-களில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளிடம் இதே கிருமி தோன்றியது. சிலருக்கு ஒன்றும் செய்யவில்லை. வேறு சிலருக்குச் சில வாரங்களிலேயே நுரையீரல் மோசமாகி, ரத்தத்தில் கிருமி பரவி, உயிர் போனது. பிறகுதான் தெரிந்தது, ஒரே பெயரில் அழைக்கப்பட்டது ஒரு கிருமி அல்ல, ஒன்றுபோல் தோன்றும் பல இனங்களின் கூட்டம் என்று. இன்று அந்தக் கூட்டத்தில் 20-க்கும் மேற்பட்ட இனங்கள் பிரித்தறியப்பட்டுள்ளன. அவற்றில் புர்க்ஹோல்டேரியா செனோசெப்பேசியா என்பதுதான் மிகவும் அஞ்சப்படுவது. இது இருந்தால் நுரையீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்யப் பல மையங்கள் சம்மதிப்பதில்லை.

இந்தக் கிருமி ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்குப் பரவியது. அவர்களுக்காக நடத்தப்பட்ட கோடைக்கால முகாம்கள் நிறுத்தப்பட்டன. இரண்டு நோயாளிகள் ஆறு அடி இடைவெளி விட்டே இருக்க வேண்டும் என்ற விதி வந்தது. படத்தில் அந்த இளைஞனிடம் இருப்பது இதே செப்பேசியா. அந்த ஆறு அடியில் ஓர் அடியைத் தனக்கென எடுத்துக்கொள்கிறாள் நாயகி, அதுதான் படத்தின் தலைப்பு.

நம் மண்ணில் இருக்கும் சொந்தக்காரர்

சரி, இதுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?

செப்பேசியாவுக்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு. பெயர் புர்க்ஹோல்டேரியா சூடோமாலி. 1992-ல் இரண்டையும் ஒரே பேரினத்தில் வைத்தார்கள். இது வாழ்வது வெப்ப மண்டல மண்ணிலும் தேங்கிய நீரிலும். இதனால் வரும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். மலேசியா இந்த நோய் நிலையாக இருக்கும் நாடுகளில் ஒன்று.

இதன் வரலாற்றிலும் நம் பக்கத்துப் பெயர்கள் இருக்கின்றன. 1911-12-ல் ரங்கூனில் இதை முதலில் கண்டுபிடித்து எழுதியவர்கள் ஆல்ஃபிரெட் விட்மோரும் சி. எஸ். கிருஷ்ணசாமியும். 1913-ல் கோலாலம்பூரின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் சோதனை விலங்குகள் திடீரென்று நோயுற்றன. அதை ஆராய்ந்த வில்லியம் ஃபிளெட்சரும் ஏ. டி. ஸ்டாண்டனும்தான் இந்த நோய்க்கு மெலியோய்டோசிஸ் என்று 1921-ல் பெயர் வைத்தவர்கள்.

நூறு ஆண்டுக்கு மேலாகியும் இது எளிதில் பிடிபடுவதில்லை. நிமோனியா மாதிரி வரும். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி வரும். மாதக்கணக்கில் இருமல், காய்ச்சல், எடை குறைவு என்று அப்படியே டிபி மாதிரியும் வரும். 2016-ல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டுக்குச் சுமார் 165,000 பேருக்கு இந்த நோய் வருகிறது, 89,000 பேர் இறக்கிறார்கள். 2010-ல் பகாங், மாரானில் உள்ள லுபோக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடும் பணிக்குப் பிறகு இந்த நோய் பரவி, 8 பேர் உயிரிழந்தார்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்? முதலிடத்தில் நீரிழிவு. உலகெங்கும் இந்த நோய் வருபவர்களில் பாதிப் பேர் அல்லது அதற்கும் அதிகமானோருக்கு நீரிழிவு இருக்கிறது. 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவருக்கு நீரிழிவு. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் அது அதிகம். செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும், சர்க்கரை உள்ள, மழைக்காலத்தில் வெறுங்காலோடு சேற்றில் நிற்கும் ஒரு பெரியப்பாவை நினைத்துப் பாருங்கள். அவரை நமக்குத் தெரியும்.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ளவர்களுக்கும் இந்தக் கிருமி தனி ஆபத்து. வட ஆஸ்திரேலியாவில் வாழ்பவர்களிடமும், தென்கிழக்காசியாவுக்குச் சுற்றுலா வந்து திரும்பியவர்களிடமும் இது கண்டறியப்பட்டிருக்கிறது. ஊருக்குப் போன பிறகு அவர்களின் சளியில் வளர்ந்த கிருமியை 'செப்பேசியா' என்று தவறாகப் பெயரிடும் அபாயம் உண்டு. இந்த நோயே இல்லாத குளிர்நாட்டு ஆய்வுக்கூடத்துக்கு இது பழக்கமில்லாத முகம்.

குழப்பம் கருவிகளிலும் உண்டு. பரவலாகப் பயன்படும் சில தானியங்கிக் கருவிகள் சூடோமாலியை செப்பேசியா என்று சொன்னது பதிவாகியுள்ளது. மால்டி-டாஃப் கருவி, தரவுத்தளம் போதாதபோது, புர்க்ஹோல்டேரியா தாய்லாந்தென்சிஸ் என்ற அவ்வளவாகத் தீங்கு செய்யாத இன்னொரு உறவினரின் பெயரைச் சொல்லியிருக்கிறது.

ஆனால் விலை அதிகமில்லாத ஒரு தடுப்பு இருக்கிறது. ஜென்டாமைசின், கொலிஸ்டின், கோ-அமாக்ஸிகிளாவ் என மூன்று மருந்து வில்லைகளைத் தட்டில் வைத்துப் பார்ப்பது. முதல் இரண்டுக்கும் அசையாமல், மூன்றாவதுக்கு அடங்கினால் சூடோமாலியாக இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும். சூடோமோனாஸ் ஏருஜினோசா பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். இதிலும் நம் நாட்டுக்கே உரிய ஒரு விதிவிலக்கு உண்டு. சரவாக்கில் ஜென்டாமைசினுக்கு அடங்கும் சூடோமாலி வகைகள் பரவலாக இருப்பது 2014-ல் வெளியிடப்பட்டது. ஒரு விதியை மனப்பாடம் செய்து எல்லா ஊரிலும் பயன்படுத்த முடியாது என்பதற்கு இது நல்ல பாடம்.

பெயர் சரியாகத் தெரிந்தால் என்ன லாபம்? சாதாரண நிமோனியாவுக்கு ஒரு வாரம் மருந்து போதும். மெலியோய்டோசிஸுக்கு செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசியைக் குறைந்தது 10 முதல் 14 நாள் போட்டு, பிறகு கோ-டிரைமாக்ஸசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் சாப்பிட வேண்டும். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பும். கிருமியின் பெயர் தெரியாவிட்டால் இந்தச் சிகிச்சை தொடங்கப்படாமலே போகலாம்.

"டிபியாத்தான் இருக்கும்" என்றால்?

நீண்ட நாள் இருமலுக்கு முதலில் டிபி பரிசோதனை செய்வது சரியான முடிவுதான். நம் நாட்டில் டிபி இன்னும் இருக்கிறது, அதைத் தவறவிடக் கூடாது.

சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. சளியைச் சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை, அந்த வகைக் கிருமி இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். அதே சாயத்தை ஏற்கும் வேறு உறவினர்களும் உண்டு. மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் அவற்றில் ஒன்று. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளைப் பாடாய்ப் படுத்தும் கிருமி அது. டிபி மருந்துகளுக்குப் பெரும்பாலும் மசியாது. டிபிதானா என்பதை ஜீன்எக்ஸ்பெர்ட் போன்ற மரபணுச் சோதனையும் கிருமி வளர்ப்பும்தான் பிரித்துச் சொல்லும்.

இன்னொரு பக்கம், சளியில் டிபி கிருமி எதுவுமே வராமல், எக்ஸ்ரே படத்தை மட்டும் வைத்து மருந்து தொடங்கப்படுவதும் உண்டு. சில நேரம் அது அவசியம். ஆனால் மருந்து முடிந்தும் இருமல் தொடர்ந்தால், "அப்போ இது என்ன?" என்று திரும்பக் கேட்க வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள இந்தியக் குழந்தைகள் சிலர் டிபி மருந்து சாப்பிட்ட பிறகே சரியான நோயறிதலை அடைந்திருக்கிறார்கள்.

புதிய மருந்து, புதிய சிக்கல்

2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரிகாஃப்டா என்ற மாத்திரை, இந்த நோயின் போக்கையே மாற்றியது. பழுதான அந்த வாசலையே ஓரளவு சரிசெய்வதால் சளி இளகுகிறது, இருமல் குறைகிறது, பலர் வேலைக்கும் படிப்புக்கும் திரும்புகிறார்கள்.

இதில் யாரும் அவ்வளவாக எதிர்பார்க்காத ஒரு விளைவு: பரிசோதிக்கச் சளியே இல்லை. கிருமியோ முழுதாகப் போய்விடவில்லை. பலரிடம் எண்ணிக்கை குறைந்தாலும் சூடோமோனாஸ் அங்கேயே தங்கியிருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. இப்போது தொண்டையில் பஞ்சு வைத்து எடுக்கிறார்கள், அல்லது உப்புநீராவியை மூச்சில் இழுக்கச் செய்து சளியை வரவழைக்கிறார்கள். மிகவும் தேவைப்பட்டால் மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுக் கழுவி எடுக்கிறார்கள். தொண்டைப் பஞ்சில் கிருமி இல்லை என்று வந்தால், நுரையீரலின் அடியிலும் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

நம்மவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. இந்த மருந்து முக்கியமாகக் குறிவைத்தது எஃப்508டெல் என்ற மரபணு மாற்றத்தை. ஐரோப்பிய வம்சாவளி நோயாளிகளின் பழுதான மரபணுக்களில் ஏறக்குறைய 70 விழுக்காடு அதுவே. இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் அது 19 முதல் 44 விழுக்காடுதான். 2024 டிசம்பரில் அமெரிக்கா மேலும் பல மரபணு மாற்றங்களுக்கு அனுமதி கொடுத்தது நல்ல செய்தி. ஆனால் அங்கே ஓராண்டுக்கான பட்டியல் விலை 300,000 டாலருக்கும் மேல். இந்த மருந்து கைக்கு எட்டாத குடும்பத்துக்கு, கிருமியைச் சீக்கிரம் கண்டுபிடித்து விரட்டுவதுதான் இன்றும் பெரிய ஆயுதம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வீட்டில் ஆங்கிலமும் மலாயும் சரளமாகப் பேசி, பெரியவர்களை ஜாசின், ஆலோர் காஜா அல்லது மலாக்கா மருத்துவமனைக்கு அழைத்துப் போவது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் இது உங்களுக்கு.

எப்போது விடாமல் கேட்க வேண்டும்?

• இருமல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், முதலில் டிபி பரிசோதனை.
• நிமோனியா திரும்பத் திரும்ப வந்தால்.
• நீரிழிவு உள்ளவருக்கு, மண்ணிலோ வெள்ள நீரிலோ வேலை செய்த பிறகு காய்ச்சலும் இருமலும் வந்தால். வேலை விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவராக ஊகிக்க முடியாது.
• குழந்தைக்குச் சளியோடு சேர்ந்து எடை ஏறாமல், மலம் எண்ணெய் மினுங்கலாக, வியர்வை அளவுக்கு மீறி உப்பாக இருந்தால். குழந்தைகள் நுரையீரல் நிபுணரிடம் அனுப்ப முடியுமா என்று கேளுங்கள்.

சளியை எப்படிக் கொடுப்பது?

• காலையில், சாப்பிடும் முன், வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்த பிறகு.
• இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சின் அடியிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை.
• மற்றவர்கள் பக்கத்தில் இல்லாமல், காற்றோட்டமான இடத்தில்.
• மூடியை இறுக்கி, முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள் ஒப்படையுங்கள். வெயிலில் நிறுத்திய மோட்டாரில் மதியம் வரை கிடந்த டப்பாவில், தேவையில்லாத கிருமிகள் பெருகித் தேவையானதை மறைத்துவிடும்.
• முன்பு மிச்சம் வைத்த ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பரிசோதனைக்கு முன் சாப்பிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அது கிருமியைக் கொல்லாமல், வளராமல் மட்டும் தடுத்திருக்கலாம். அப்போது முடிவு 'ஒன்றுமில்லை' என்று வந்துவிடும்.

முடிவு வந்ததும் மூன்று கேள்விகள் போதும். சளியில் எந்தக் கிருமி வளர்ந்தது? எந்த மருந்துக்கு அது அடங்குகிறது? ஒன்றும் வளரவில்லை என்றால், அடுத்து எதைப் பார்க்கப் போகிறோம்?

பதிலைப் போனில் குறித்துக்கொள்ளுங்கள், முடிவுத் தாளைப் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை வேறு மருத்துவர் பார்க்கும்போது, "ஏதோ சளி டெஸ்ட் எடுத்தாங்க, என்னன்னு தெரியல" என்று சொல்வதைவிட அந்தப் படம் பல நாட்களை மிச்சப்படுத்தும்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் தோட்டத்து டிரெஸர் கொடுத்த இருமல் மருந்துதான் எல்லா நெஞ்சுச் சளிக்கும் மருந்து. அவரிடம் அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பதிவு செய்யும் குடிமகன், சளியில் என்ன இருந்தது என்று கேட்கலாம். கேட்பது மருத்துவரைச் சந்தேகப்படுவது ஆகாது. அவருக்கும் அந்தப் பதில் தேவை.